திங்கட்கிழமை சூப்

வெள்ளைக்கு ஒரு துணி, கறுப்புக்கு வேறு துணி.
சாயம் இறங்கும் என்று எச்சரித்திருந்தார்
சுருதி கூட்ட வருகிற ஆர்விட்ஸ்.
நனைத்து, பிழிந்து, இன்னொரு முறை பிழிந்து,
ஈரம் இருக்கிறதா என்று
துணிக்கே சந்தேகம் வந்த பிறகுதான்
கட்டைகளைத் தொடலாம்.
குறுக்கே வேண்டாம். உன் பக்கமாக இழு.
குறுக்கே தேய்த்தால் அழுக்கு இடுக்கில் இறங்கிக்
குடித்தனம் நடத்தும்.

லியெபாயாவில் டிராம் ஓட்டுகிறவன் நான்.
ஊருக்கே ஒரு தடம்தான். போவேன், வருவேன்.
எனக்கு வாசிக்கத் தெரியாது. விஸ்மாவுக்கும் தெரியாது.
ரைவிஸ் நான்கு வருடம் வாசித்தான்,
பிறகு டிரம்ஸுக்கு மாறினான், பிறகு கப்பலுக்கு.
மூன்று மாதச் சம்பளம் கொடுத்து வாங்கியவள் விஸ்மா.
எனவே துடைப்பது என் பங்கு.
இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று
நான் கேட்டதில்லை.

தந்தமா என்று விருந்தாளிகள் கேட்பார்கள்.
பிளாஸ்டிக்.
யானைகள் நிம்மதியாக இருக்கட்டும்.

அக்டோபரில் சுவர்க் குழாய்களில் வெந்நீர் ஏறும்.
வீடு பழைய ரொட்டியாகக் காயும்.
அன்று வெள்ளரி ஊறுகாய் ஜாடியைக் கழுவி
தண்ணீர் நிரப்பி
பியானோவின் அடிவயிற்றில் வைப்பேன்.
ஏப்ரலுக்குள் ஏழு ஜாடி குடித்துவிடும்,
மாடிவீட்டு கின்டார்ஸைப் போல,
ஆனால் சத்தம் போடாமல்.

மேலே பூச்சாடி வைக்கக் கூடாது.
வைத்திருக்கிறாள்.
பூச்சாடிக்கு அடியில் தட்டு, தட்டுக்கு அடியில் துணி,
துணிக்கு அடியில் என் பயம்.

போன ஞாயிறு கீழ்ப்பலகையைக் கழற்றினேன்.
ஒரே ஒரு வில்பட்டைதான்; மேலே அழுத்தினால்
பலகை மடியில் சாயும்.
உறிஞ்சும் குழாயின் முனையில் பழைய காலுறையைக் கட்டி
தூசியை மட்டும் எடுத்தேன்.
அந்துப்பூச்சியின் சிறகு.
ரைவிஸ் கடித்த பென்சில், பற்தடம் அப்படியே.
ஒரு சட்டைப் பொத்தான், என்னுடையதல்ல.
(யாருடையது? கேட்கலாமா? கேட்கவில்லை.)
அப்புறம் இரும்புச் சட்டத்துக்கும் ஒலிப்பலகைக்கும் நடுவே
செருகி நின்றது ஒரு லாட்ஸ் காசு.
சால்மன் மீன் பொறித்த பழைய காசு.
இப்போது அதற்கு ஒரு மிட்டாய்கூடக் கிடைக்காது.
பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.
பலகையை மூட்டி, மெருகேற்றி,
அதில் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

திங்கள் இரவு.
கடைசி வண்டியைக் கொட்டகையில் விட்டு வந்தால்
சூப் அடுப்பில் ஏறவே இல்லை.
பீட்ரூட்டின் மேல் கொழுப்பு ஆடை கட்டிக் கிடந்தது.
விஸ்மா என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள்:
"நீ இன்னும் வளைவுக்கு வரவில்லையே?"

அப்போதுதான் தெரிந்தது.
எங்கள் ஜன்னலுக்குக் கீழே தண்டவாளம் திரும்பும் இடத்தில்
என் வண்டி போனால் பியானோவுக்குள் ஏதோ
"ஸ்ஸ்ர்ர்" என்று முணுமுணுக்குமாம்.
உடனே அடுப்பைப் பற்றவைப்பாள்.
நான் வீடு சேர இருபது நிமிடம்,
சூப் சூடாக இருபது நிமிடம்.
பதினொரு வருடமாக.

"எல்லா வண்டியும்தானே அந்த வழியாகப் போகிறது?"

"மற்றவர்கள் வளைவில் வேகத்தைக் குறைப்பார்கள், இல்மார்ஸ்."

செவ்வாய்க்கிழமை காசைத் திரும்பச் செருகினேன்.
பேசவில்லை.
சாய்த்து, நிமிர்த்தி, மீன் உள்பக்கமாக, மீன் வெளிப்பக்கமாக.
ஆர்விட்ஸை அழைத்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்:
இரைச்சலை எடுக்கத்தான் எனக்குக் காசு கொடுப்பார்கள்,
வைக்கச் சொல்லி நீதான் முதல் ஆள்.
ஒரு மணி நேரம் குனிந்து கிடந்தார்.
சுருதி சுத்தமாக இருக்கிறது என்றார்,
இரங்கல் சொல்கிற குரலில்.

இப்போது கொட்டகையிலிருந்து போன் செய்கிறேன்.
சூப் கொதிக்கக் கொதிக்க வருகிறது, நாக்கு சுடுகிறது.
காசு என் பையில், வண்டிச் சாவியோடு.
வளைவு வரும்போது அது ஏதாவது சொல்கிறதா என்று
காது கொடுத்துக்கொண்டே போகிறேன்,
கொஞ்சம் மெதுவாக.

ஜாடியில் தண்ணீர் இரண்டு விரல் அளவுதான் இருக்கிறது.
நிரப்ப வேண்டும்.