நாலு விரற்கடை

பாபு ராவ் தெருவில்
மூன்றாம் மாடி வாடகை அறை.
கடுகெண்ணெயில் பொரியும் மீன்,
கொடியில் காயும் துண்டு,
கட்டில்மேல் செய்தித்தாள் விரித்து
இரண்டு லென்ஸ்.

எது வேணுமோ எடுத்துக்குங்க தீதி,
ஒரே விலை, ஐயாயிரத்து ஐந்நூறு.
பரிமல் பாபுவின் இந்தியும் என் இந்தியும்
பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.
மறுநாள் காலை ஸ்கேனுக்குக் கட்ட வேண்டுமாம்.
என் பர்ஸில் ஐயாயிரம்,
ஆட்டோவுக்கு எழுபது.

ஒன்று ஜப்பான். பேருள்ளது.
வளையம் நெய் தடவினாற்போல் சுழலும்,
துளை எண் ஒவ்வொன்றிலும் டிக்கென்று நிற்கும்.
இன்னொன்று ரஷ்யா. அலுமினியம்.
எனக்கு வாசிக்க வராத எழுத்து.
திருகினால் பழைய குக்கர் மூடியின் முனகல்.
துளை வளையத்துக்கு நிறுத்தமே கிடையாது,
விட்டால் எண்ணைத் தாண்டி நழுவிப் போகும்.

என் ஃபெட் கேமராவில் இரண்டுக்கும் மரை சேரும்.
சங்கடம் வேறு:
நாம் பார்ப்பது ஒரு கண்ணாடி வழியே,
படம் விழுவது வேறொன்றின் வழியே.
மூடியைக் கழற்றாமலே
காட்பாடி மேம்பாலத்தில்
முப்பத்தாறு படம் எடுத்தவள் நான்.
வியூஃபைண்டர் எதையும் நல்லதாகவே காட்டும்,
கல்யாணத் தரகர் மாதிரி.

டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்தேன்.
ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் இதே வேலைதான்,
ஒரு நாளைக்கு எண்பது கண்.
ஜப்பானின் உள்கண்ணாடியில்
கஞ்சித் தண்ணீர் தெளித்துக் காய்ந்தாற்போல ஒரு படலம்.
துடைத்தால் போகலாம்.
கண்ணாடியையே தின்றிருக்கவும் கூடும்.
‘திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்’ என்று
எங்கள் டாக்டரின் வாக்கியம் நாக்குவரை வந்தது.
அந்த அறையில் அதைச் சொல்லவில்லை.
ரஷ்யாவுக்குள் ஒரு தூசு, ஒரு குமிழி,
அவ்வளவே.

லாங் பஜார் பேக்கரியின் பட்டர் பேப்பரை நறுக்கி,
கேமராவின் முதுகைக் கழற்றி,
ஃபிலிம் ஓடும் இடத்தில் ஒட்டினேன்.
‘பி’யில் வைத்துப் பட்டனை அழுத்திப் பிடித்தால்
திரை திறந்தே நிற்கும்.
கொடித் துண்டை உருவித் தலையில் போர்த்தினேன்.

ஜன்னலோரம் ஷேபாலி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.
ஜப்பான் வழியே,
ஜன்னல் வெளிச்சம் பாலாய்ப் பொங்கி
முகத்தின் மேல் வழிந்தது.
ரஷ்யா வழியே,
தலைகீழாய், தீப்பெட்டிக்குள் அடங்கும் அளவில்,
சங்கு வளையல், வகிட்டில் சிவப்பு,
மேல்நோக்கி விழும் உருளைத் தோல்.

என்ன பார்க்கிறேன் என்று அவர் வந்து எட்டிப் பார்த்தார்.
காகிதத்தில் ஜன்னல் மட்டும் இருந்தது.
கணவரை இழுத்து அங்கே உட்காரவைத்து
மறுபடி துண்டுக்குள் நுழைந்தார்.
உள்ளிருந்து ஒரு சிரிப்பு. இருமல். மறுபடி சிரிப்பு.
‘நான் வௌவாலாம்,’ என்றார் பரிமல் பாபு,
அசையாமல்.

அந்தக் கலகலப்பில்தான் மறந்தேன்:
காகிதத்தில் தெளியும் தூரமும்
வியூஃபைண்டரில் இரண்டு உருவம் ஒன்றாகும் தூரமும்
ஒன்றுதானா என்று பார்க்க.
அதற்காகத்தான் காகிதமே எடுத்துப் போனது.

ஷேபாலியை ஒரு படம் எடுத்துக்கொண்டு,
இருந்த ஐயாயிரத்து எழுபதையும் கொடுத்துவிட்டு
அகழி ஓரமாய் வீட்டுக்கு நடந்தேன்.

சென்னைக்கு அனுப்பிய ரோல்
மூன்று வாரம் கழித்து வந்தது.
அறையில் அப்போது வேறு குடும்பம்,
அதே எண்ணெய் வாசம்.
படத்தில் ஷேபாலியின் கண் மங்கல்.
காதுத் தோடு துல்லியம்;
அதற்குள் ஜன்னல் கம்பிகளை எண்ணலாம்.

குறை லென்ஸிலா, கேமராவிலா, தெரியவில்லை.
சரிசெய்யக் கேட்ட கூலிக்கு
இன்னொரு லென்ஸ் வாங்கலாம்.
இப்போதெல்லாம்
இரண்டு உருவமும் சேர்ந்த பிறகு
மூச்சைப் பிடித்து
நாலு விரற்கடை பின்னால் சாய்கிறேன்.
எதிரில் நிற்பவர்கள்
நான் தயங்குவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.