பதினாறு ஜிபி வளவு

சர்வர் வாங்கப் பணமில்லை என்றார் ஜமால் முகைதீன்.
இருக்கிற டெஸ்க்டாப்பிலேயே மூன்றைக் குடிவை என்றார்.
தெற்கு மாசி வீதி, மருந்துக்கடைக்கு மேல்மாடி,
ரத்தம் சர்க்கரை உப்பு பார்க்கிற லேப்.
ரிப்போர்ட்டுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று,
எக்ஸ்ரே படங்களைப் போட்டுவைக்க ஒன்று.
எட்டு கோர். பதினாறு ஜிபி.
புறா எச்சம் காய்ந்த ஜன்னலோரம்
மூச்சு வாங்கும் ஒரு விசிறி.

எனக்கு இந்தக் கணக்கு புதிதில்லை.
நான் இருக்கும் செல்லூர் வளவில் ஏழு வீடு, ஒரு குழாய்.
யார், எந்நேரம், எத்தனை குடம் என்று
சுவரில் கரிக்கட்டையால் எழுதியிருக்கும்.
எழுதியதை யாரும் மீறாத நாளில்லை.

முதலில் விர்ச்சுவல்பாக்ஸ்.
காசில்லை, பத்தே நிமிடத்தில் பால் காய்ச்சிவிடலாம்.
ஆனால் அது விண்டோசிடம் உள்வாடகை.
நடுராத்திரி வீட்டுக்காரர் வெள்ளையடிக்கக் கிளம்பினார்:
அப்டேட். ரீஸ்டார்ட்.
காலை ஆறரைக்கு
வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றவர்களிடம்
தவமணி சொன்னாள்,
கம்ப்யூட்டர் இன்னும் எந்திரிக்கலங்க.

ஹைப்பர்-வி
கதவைப் பாதி திறந்து பேசியது.
உங்களிடம் இருப்பது ஹோம்,
ப்ரோ இருந்தால் வாருங்கள்.
அந்த வாரம்தான் நானும் விளாங்குடியில்
ஒரு மாடிப் போர்ஷன் கேட்டுப் போயிருந்தேன்.
கூட யாரு என்றார் பரமானந்தம்.
நான் மட்டும்.
வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்றார்.
இன்னும் கலந்துகொண்டிருக்கிறார்.

ப்ராக்ஸ்மாக்ஸ் மனையையே கேட்டது.
கட்டடத்தை இடி, வெறுந்தரை கொடு,
மேசை நாற்காலி எதுவும் ஆகாது.
அதன் மிடுக்கு எனக்குப் பிடித்திருந்தது.
தவமணி எங்கே உட்கார்ந்து டைப் அடிப்பாள்?

கடைசியில் டெபியன், அதன்மேல் கேவிஎம்.
முதல் நாள் ஒன்றும் ஓடவில்லை.
பயாசுக்குள் ஒரு சுவிட்ச்
வாங்கிய நாளிலிருந்து அணைந்தே கிடந்திருக்கிறது,
ஆறு வருடம்.
போட்டேன்.
பிரிட்ஜ் கட்டி ஆளுக்கொரு கதவு எண் கொடுத்தேன்.
நாலு, மூணு, அஞ்சு என்று நினைவகம் பிரித்து
மிச்சம் நாலை வீட்டுக்கே விட்டேன்.
நேற்றுவரை வீட்டுக்காரராக இருந்த விண்டோஸ்
இப்போது முதல் வீட்டில் குடித்தனம்.
அதற்குள் உட்கார்ந்துதான் தவமணி ரிப்போர்ட் அடிக்கிறாள்.

இதை முடிவு என்று சொல்லமாட்டேன்.
முடிவு செய்தது தேர்.

சித்திரைத் தேரன்று
வடம் பிடித்ததும் மாசி வீதிகளில் கரண்டை நிறுத்தினார்கள்.
தவமணி செருப்புக்கூடப் போடாமல் கீழே ஓடினாள்.
யுபிஎஸ் கூவத் தொடங்கியது.
பதினோரு நிமிடம்.

ஜன்னல் வழியே
சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவரைப் பார்த்தேன்.
அத்தனை பெரிய அசைவுக்கு முன்னால் குனிந்து,
கையில் ஒரு மரத்துண்டு.
அவர் தேரைப் பார்க்கவேயில்லை.

நான் திரைக்குத் திரும்பினேன்.
பில் தூங்கியது. ரிப்போர்ட் தூங்கியது.
எக்ஸ்ரே மட்டும் தன் அஞ்சு ஜிபியை
கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி
ஒவ்வொன்றாக டிஸ்க்கில் இறக்கிவைத்துக்கொண்டிருந்தது.
ஒன்பது நிமிடம்.
பத்து.
வாசலில் சங்குச் சத்தம், விசில், தண்ணீர்ப் பாக்கெட் பொட்டலம்.
அணைத்தேன்.

பன்னிரண்டரைக்கு விசிறி மறுபடி சுற்றியது.
நான் தொட்டது ஒரே ஒரு பட்டன்.
மூன்றும் தாமாகவே எழுந்தன.
பாதி அடித்த ஒரு பெயர்
விட்ட இடத்திலேயே நின்றிருந்தது:
முத்திரு

நெற்றியில் குங்குமத்தோடு வந்து உட்கார்ந்த தவமணி
ளாயி என்று முடித்தாள்.
வயது ஐம்பத்தெட்டு.
சர்க்கரை, சாப்பிடுமுன், நூற்றுப் பன்னிரண்டு.