மகஜர்

தொண்ணூற்றாறு பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு.
ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு புட்டி சிவப்பு ஒயின்
என்று எழுதி நிறுத்தினேன்.
பூர்வீகம் என்ற கட்டத்தில்
பிரியோராத், ஸ்பெயின்.

ஸ்டிக்கரில் ஒரு வரி குறைந்ததற்காக
திருவொற்றியூர் யார்டில் பங்குனியில் நிறுத்திய சரக்கு.
சித்திரையில் யாரோ பிளக்கைப் பிடுங்கி
இறால் கன்டெய்னருக்குச் சொருகிவிட்டார்கள்.
வெளியே நாற்பத்தோரு டிகிரி.
தகரத்துக்குள் வெந்து வெந்து
தக்கைகள் அரை விரல் மேலே வந்து
யாராவது இருக்கிறீர்களா என்று எட்டிப் பார்த்தன.
கம்பெனி கைகழுவியது.
ஆடி இரண்டாம் வெள்ளி, அழிக்க உத்தரவு.

"விவரம் எழுதுங்க மேடம், லேபிள்ல இருக்கிறபடி."
லேபிளில் ஃபுல் பாடி என்றிருந்தது.
முழு உடல் என்று எழுதினேன். பிரேதம் மாதிரி இருந்தது. அடித்தேன்.
கனத்த மேனி. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அடித்தேன்.
சாட்சிக்கு வந்து நின்ற தேசப்பன்,
ஃபோர்க்லிஃப்ட்டில் பதினாறு வருஷம், சொன்னான்:
"ரசம் இல்லக்கா, கொழம்புன்னு எழுது."

ஒவ்வொரு பெட்டியிலும் மடித்த ஒரு காகிதம்.
படத்தில் மலை. மண் என்று எதுவும் இல்லை,
கறுப்புப் பலகைக்கல், அடுக்கடுக்காக,
கோவேறு கழுதை மட்டும் ஏறுகிற சரிவு.
பெய்த மழை தங்காது.
கொடி என்ன செய்யும்,
கல்லின் இடுக்கில் வேரை விட்டு
ஐம்பது அடி, அறுபது அடி
தண்ணீரைத் தேடிக்கொண்டே போகும்.
கொடிக்கு ஒரு கிலோ பழம் தேறினால் அதிகம்.
தேறியதில் அத்தனை கறுப்பு.

எங்கள் தெருவில் நூற்றிருபது அடி இறக்கினோம்.
தண்ணீர் வந்தது.
தீக்குச்சியைக் கிட்டே கொண்டுவராதே என்றான் போர் போட்டவன்.
இங்கே ஒரு கொடி வேர் விட்டால்
எதையெல்லாம் குடித்துக்கொண்டு வரும்?
எண்ணூர்ச் சாம்பல். உப்பு. காசிமேட்டில் ஐஸ் உருகிய நீர்.
ராத்திரி பத்துக்கு மேல் மணலி பக்கமிருந்து வரும் அது.
பின்சுவையில் அம்மோனியா என்று
எவராவது கிளாஸைச் சுழற்றிச் சொல்வார்களா?

சுண்ணாம்பு போட்ட குழி. நான்கு பேர், நான்கு சுத்தியல்.
கழுத்தில் ஒரு தட்டு, ஒரு கவிழ்ப்பு.
நான் கோடு போட்டேன், ஐந்துக்கு ஒன்று குறுக்கே.
மதிலுக்கு அந்தப் பக்கம் அம்மனுக்குக் கூழ் வார்த்துக்கொண்டிருந்தார்கள்.
தள்ளாதீங்க, குண்டானை இறக்கிப் பிடிங்க என்று மைக்.
இந்தப் பக்கமும் வார்த்துக்கொண்டிருந்தோம்,
குண்டான் பிடிக்க ஒரு ஆள் இல்லாமல்.
சுண்ணாம்பில் பட்ட சிவப்பு
நீலமாகி, பச்சையாகி,
கடைசியில் நம் ஊர்ச் சாக்கடை நிறத்துக்கு வந்து
அடங்கியது.

"அனைத்தும் எங்கள் முன்னிலையில் அழிக்கப்பட்டன."
கையெழுத்துப் போடும்போது தேசப்பன்
வாயைத் திறக்காமல் சிரித்தான்.
"பல்லுல என்னய்யா?"
"நாவப்பழம் சார். கேட்டாண்ட வண்டி நிக்குது."
வண்டி நின்றது உண்மை.
என் கோடுகள் ஆயிரத்து நூற்று ஐம்பத்தொன்று.
ஒரு கோடு சேர்த்தேன்.

ஷேர் ஆட்டோவில் கேட்டேன், எப்படி இருந்துச்சு?
எர்ணாவூர் மேம்பாலம் ஏறி இறங்கும்வரை யோசித்தான்.
"வெந்துபோச்சுக்கா. வேஸ்ட்டு.
ஆனா அடியில என்னமோ கீது.
ஒண்ணாங்கிளாஸ்ல ஸ்லேட்ட நக்கி அழிப்போமே,
அது."