சுரண்ட ஓர் அட்டை

ஓடையில் மீன்கள் வயிறு காட்டி மிதந்த அன்று
நான் லுசாக்காவில் இருந்தேன்.
கார் தருவதா, பேருந்துக் காசு தருவதா என்று
ஆசிரியர் யோசித்துக்கொண்டிருந்தார்.

கசூபா அங்கேயே இருந்தாள்.
மஞ்சள் குடைக்கடியில்
ரீசார்ஜ் அட்டை விற்பவள்.
முதுகில் துணியால் கட்டிய குழந்தை
அவள் எடுத்த படம் முழுக்க இருமுகிறது.

செம்புச் சுரங்க வாயிலில்
காவலாளி கேட்டான்: அட்டை எங்கே?
காட்டினாள்:
ஐந்து குவாச்சா, பத்து, இருபது.
சிரித்து, ஒரு பத்து வாங்கிக்கொண்டான்.
உள்ளே விடவில்லை.

மூன்றாம் நாள் நான் போனேன்.
என் கழுத்தைப் பார்த்ததும் கதவு திறந்தது.
ஏசி அறை, ஆரஞ்சு பானம், அச்சடித்த அறிக்கை:
'நீரின் அமிலத்தன்மை வரம்புக்குள்தான் உள்ளது.'
அப்படியே எழுதினேன், மேற்கோள் குறிக்குள்.
மேற்கோள் குறி ஒரு நல்ல கையுறை.

அவளோ அதற்குள்
மரவள்ளித் தோட்டம் வழியே சுற்றிப்போய்
குழாயின் வாயைக் கண்டுபிடித்திருந்தாள்.

தவறும் செய்தாள், அதையும் சொல்ல வேண்டும்.
அந்தத் தண்ணீர் குடித்து
மூன்று பிள்ளைகள் செத்தார்கள் என்றாள்.
யாரோ சொன்னது.
இரவோடு இரவாக ஊர் கொதித்து
ஒரு லாரியின் கண்ணாடி நொறுங்கியது.
ஓட்டியவன் நெற்றியில் ஏழு தையல்.
விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.
மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து
கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதே குடை, அதே முகம், அதே இருமல்.
"நேற்று நான் சொன்னது பொய்.
விசாரிக்காமல் சொல்லிவிட்டேன்.
லாரிக்காரர் பெயர் லாமெக் சிசாங்கா.
அவர் வீட்டுக்குப் போனேன்.
கதவைத் திறக்கவில்லை."

இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன்.
நாங்கள் திருத்தம் போட்டால்
பதினோராம் பக்கம், இடது மூலை,
வாடகை வீட்டு விளம்பரத்துக்குக் கீழே.
அமில வரம்பு
இன்னும் அந்த மூலைக்குக்கூட வந்து சேரவில்லை.

விசாரணையில் எழுத்தர் கேட்டார்: தொழில்?
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
நான் என் குறிப்பேட்டைப் பார்த்தேன்.
"பேசுவதற்கு நேரம் விற்கிறேன்."
சில்லறை வியாபாரம் என்று
எழுதிக்கொண்டார் அவர்.

வெளியே வந்து ஆசிரியரைக் கூப்பிட்டால்
போனில் காசில்லை.
அவளிடமே ஒரு பத்து வாங்கினேன்.
வெள்ளிப்பூச்சைச் சுரண்ட
பையெல்லாம் துழாவியும் நாணயம் இல்லை.
கழுத்தில் தொங்கியதன் மூலை
கச்சிதமாக இருந்தது.

பொடி எழுத்து எனக்குத் தெரியாது என்று
எண்களை அவளே படித்துச் சொன்னாள்.
நான்கு, நான்கு, ஏழு.
இல்லை, பொறுங்கள்,
ஏழு இல்லை. ஒன்று.