இருநூறு அடி

முன்னூற்று இரண்டு.
ஃபீஸ் தர ஆளில்லாத வழக்கு;
சட்ட உதவி மையம் என் பெயரை எழுதியது.

ஐஸ் கம்பெனியின் தெற்குச் சுவரோரம் நின்றாராம் களஞ்சியம்.
வடக்கே இருநூறு அடியில் இருளப்பன் அலறியது
‘தெளிவாக் கேட்டுச்சுய்யா.’
ஆடி மாதம் அது.

அடுத்த ஆடியில் மோர்ப்பண்ணைக்குப் போனேன்.
குமாஸ்தா லிங்கதுரையை வள்ளத்தருகே நிறுத்தி
கத்தச் சொன்னேன்.
வாய் திறந்தது, மூடியது.
சோழகம் மொத்தத்தையும் வாரி
தொண்டிப் பக்கம் கொண்டுபோயிற்று.

என்னடா கத்தினாய்?
‘அம்மா, கொல்றாங்களே’ என்றான்,
வெட்கத்தோடு மணலைத் தட்டிக்கொண்டு.

குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வி:
அன்றைக்கு என்ன காற்று?
களஞ்சியம் கடல்காரர்.
காற்றில் மட்டும் அவருக்குப் பொய் வராது.

கூண்டில் நம்புராஜன்
கால் பெருவிரலால் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.
நீ செய்தாயா என்று
பதினொரு மாதத்தில் நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.

வெளியே, குழாயடியில்,
பிள்ளைக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தாள்
இருளப்பனின் மனைவி.
என் கறுப்பு அங்கியைப் பார்த்தாள்.
பேசாமல் நகர்ந்து
நான் கை கழுவ இடம்விட்டாள்.