ஒற்றைப்படை

டிரெஸ்டனுக்குக் கிழக்கே, பைன் காட்டுக்குள்,
கடைசிப் பேருந்தும் போன பிறகு
ஆய்வுக்கூடத்தில் நான்கு பேர்.
காப்பி இயந்திரம் கெட்டு இரண்டு நாள்.
வேலிக்கு அப்பால் காட்டுப்பன்றிகள்
ஈரமண்ணைக் கிளறும் சத்தம்.

குண்டுலா பெட்சோல்ட் கருவிகளை நம்பாதவள்,
தன்னை அதைவிடவும்.
அவள் நீட்டிய கண்ணாடித் துண்டின்மேல்
ஒரே ஓர் அணு கனத்தில் கார்பன்.
இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் இருக்கிறது.
என் மகன் தப்புக் கணக்கை அடிக்கும் பென்சில் கோட்டில்
இது எத்தனையோ அடுக்கு.

அதற்குள் எலெக்ட்ரான்கள்,
எடையே இல்லாதவை போல ஓடுகிறவை.
நாங்கள் அனுப்பிய அலை அவற்றை
இடம் தள்ளியது, வலம் தள்ளியது,
நொடிக்கு முப்பதாயிரம் கோடி முறை.
தள்ளுப்பட்டது தனியாக ஓடிவிடவில்லை.
வாங்கியதைப் பக்கத்தில் கொடுத்தது,
பக்கம் அடுத்த பக்கத்துக்கு.
கண்மூடித் திறப்பதற்குள் என்று எழுத வந்தேன்.
அதற்குள் இவற்றுக்குப் பல யுகம் போயிருக்கும்.
கூட்டமே கொதித்தது.
கொதிப்பில் மின்சாரம் வழி தடுமாறியது.
அலை தணிந்த இடைவெளியில் கொஞ்சம் ஆறி
மறுபடி வழி விட்டது.
அடியில் கண்ணாடி
எதுவும் நடக்காததுபோலச் சில்லென்று.

மூன்று நாற்பதுக்குத் திரையில் ஒரு முள்.
நாங்கள் அனுப்பாத அதிர்வு. மும்மடங்கு.
யூரி ஷோல்டா தன் சோர்பிய மொழியில்
ஏதோ சொல்லி எழுந்துவிட்டான்.
குண்டுலா எழவில்லை.
"கசிவாக இருக்கும். கார்பனை எடு."
எடுத்து வெறும் கண்ணாடியை வைத்தோம்.
முள் படுத்துவிட்டது.
திரும்ப வைத்தோம். எழுந்தது.
பதினோரு தடவை இப்படி.

தரையில் கோட்டைப் போர்த்தித் தூங்கிய ஃப்ரீடெரிகேயை
ஐந்தாம் மடங்குக்குத்தான் எழுப்பினோம்.
ஏழாம் மடங்கு, இரைச்சலின் விளிம்பில்,
இருந்தும் இல்லாமலும்.
இரண்டு இல்லை. நான்கு இல்லை.
இடமும் வலமும் ஒன்றேயான பரப்பு
இரட்டையில் பதில் சொல்லாது.
நூறு கொடுக்க வந்தவன் கை
நூற்றியொன்று என்று மொய் எழுதுவது நினைவு வந்தது.
அதை அங்கே யாருக்கும் ஜெர்மனில் விளக்க
எனக்குத் தெரியவில்லை.

குறிப்பேட்டில் குண்டுலா எழுதினாள்:
3.40. ஒருவேளை.
அந்தச் சொல்லின் அடியில்
இரண்டு கோடு போட்டாள், பென்சிலால்.

காலைப் பேருந்தில் ஓட்டுநர்
சூட்டைக் கூட்டி வைத்திருந்தார்.
உள்ளே எல்லாருடைய மூச்சும் கலந்த வெக்கை.
ஜன்னல் மட்டும் சில்லென்றிருந்தது.
நெற்றியைச் சாய்த்தேன்.
இறங்க வேண்டிய நிறுத்தம்
எப்போதோ போயிருந்தது.