ஜெர்கின் காவல்

இந்த வருஷம் நான் ஓடவில்லை. குதிகால்.
அதனால் எனக்கு வாய்த்தவை
ஆறு ஜெர்கின்களும் ஒரு சால்வையும்.

துவாரகாவில் ஞாயிறு, ஆறேமுக்கால்.
எழுப்ப எழுப்ப எழாத பிள்ளை மாதிரி
ஜனவரி ரோட்டின்மேல் குப்புறக் கிடக்கிறது.
நாலாவது விளக்குக் கம்பத்தோடு தில்லி முடிந்துவிடுகிறது.
ஐந்தே கிலோமீட்டர்தான். ஆனாலும்
ஊக்கு மாட்ட யாருக்கும் விரல் மடங்கவில்லை.
எண் அட்டையை நெஞ்சில் பொத்திக்கொண்டு
வரிசையாக என்முன் வந்து நின்றார்கள்.
ஏழு பேருக்கு இருபத்தெட்டு ஊக்கு.
ஒன்று மட்டும் பர்மிந்தரின் தோளில் இறங்கியது.
பஞ்சாபியில் ஏதோ சொன்னார்.
அதை நான் மொழிபெயர்ப்பதாக இல்லை.

மலைக்காரர் நேகி,
"இதெல்லாம் குளிரா" என்று பல் நடுங்கக் கேட்டார்.
குரங்குக் குல்லாயைக் கழற்றமாட்டேன் என்றார் பிஸ்வஜித்.
விசில் ஊதினார்கள்,
குளிரில் அதுவும் பாதிதான் வந்தது.

போய்விட்டார்கள்.
கொஞ்ச நேரம் ஷூ சத்தம்,
அப்புறம் டீக்கடை ஸ்டவ் மட்டும்.

என் இரு கைகளிலும் ஏழு பேரின் சூடு.
அங்கே அவர்கள் சூடேற ஏற
இங்கே அது ஆறிக்கொண்டிருந்தது.
கழுத்துவரை அணைத்துக்கொண்டேன்.
கோச் சத்பீரின் ஜெர்கினில் பீடி வாசனை,
எங்களுக்கு நுரையீரல் பாடம் எடுப்பவர்.
பல் டாக்டர் நுஸ்ரத்தின் பையில்
கடித்து மீதி வைத்த எள்ளு மிட்டாய்.
நானாகத் தேடவில்லை,
குளிருக்குக் கை தானாக உள்ளே போனது.

சால்வைக்குள் லோகநாயகியின் போன் அடித்தது.
மூன்றாம் முறை எடுத்தேன். வீட்டுக்காரர்.
"லோகா எங்க?"
"ஓடிட்டாங்க" என்று வாயில் வந்துவிட்டது.
ஒரு நிமிஷம் இரண்டு பக்கமும் பனி.
"திரும்பி வருவால்ல?"
"சுத்துப் பாதைதாங்க."
"இல்ல, பால் பாத்திரத்தக் காணோம்."

முதலில் லால்ரிங்கா. இருபது நிமிஷம், பன்னிரண்டு நொடி.
இட்லிச் சட்டியைத் திறந்ததுபோல்
தோளிலிருந்து ஆவி.
பிறகு சத்பீர், நுஸ்ரத், நேகி,
ஒருவரையொருவர் முந்தவிடாமல் பர்மிந்தரும் பிஸ்வஜித்தும்.
ஆளுக்கொரு ஜெர்கினாக என் கை காலியானது.
சால்வை மட்டும் மிச்சம்.

நாற்பது நிமிஷம். நாற்பத்திரண்டு.
பரிசு கொடுத்தார்கள், யாருக்கோ கை தட்டினார்கள்.
நேரம் குறிக்கும் பாயை ஒரு பையன்
விடிந்த வீட்டில்போல
ஓரத்திலிருந்து சுருட்டத் தொடங்கினான்.

லால்ரிங்கா ஜெர்கினைக் கழற்றி மறுபடி என்னிடம் கொடுத்தான்.
ஒன்றும் சொல்லவில்லை, வந்த வழியே பனிக்குள் போனான்.
அப்புறம் நேகி.
நுஸ்ரத், மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு.
"உடம்பைத் தளர்த்தணும்" என்று காரணம் சொல்லிவிட்டு சத்பீர்.
திட்டிக்கொண்டே பர்மிந்தரும் குல்லாய்க்காரரும்.
ஏழும் திரும்ப என்மேல் ஏறிவிட்டன.
அந்த நிமிஷம் என் குதிகால் வலிக்கவில்லை என்று
எழுத ஆசைதான். வலித்தது.

ரொம்ப நேரம் வெறும் வெள்ளை.
பிறகு அதற்குள்ளிருந்து சத்தம் வந்தது,
பல கால்கள், நடுவே எனக்குத் தெரிந்த ஒன்று:
இடது பாதம் தரையை லேசாகத் தேய்க்கும்
அவளுடைய அந்தச் சர்ர்.

பையன் பாயை ஒரு மடிப்பு விரித்துவிட்டான்.
அதற்கு ஒரு முழம் முன்னால்
ஆறு பேரும் ஒதுங்கிக்கொண்டார்கள்.
மெஷின் ஒரே ஒரு தடவை கூவியது.

குனிந்து முட்டியைப் பிடித்தபடி,
மூச்சுக்கு நடுவே,
"யாராச்சும் கூப்பிட்டாங்களா?"
"பால் பாத்திரம்."
"அடுப்பு மேலதான் இருக்கு."
"சொல்லிடவா?"

சால்வையை வாங்கித் தலையோடு சுற்றிக்கொண்டாள்.
"மொதல்ல டீ" என்றாள்.

பிஸ்வஜித் அன்றைக்கு வீட்டுக்குப் போனது
சத்பீரின் ஜெர்கினில். பீடி வாசனையோடு.
அது என் தப்புதான்.
இதுவரை அவர் மனைவியிடம் சொல்லவில்லை.